மானுக்கு மரு வந்தால் குழம்புக்கு என்ன?

நவம்பர் 15 மிச்சிகனில் துப்பாக்கி வேட்டை தொடங்கும் நாள். எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடத்துக்கே லீவு. நம்மவர்களில் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. ஆனால் ஆபீஸ் நண்பர் கொடுத்த மான்கறிப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய. பொட்டலம் வந்த கையோடு சந்தேகமும் வந்துவிடுகிறது. இந்த மாதக் கேள்விகளில் பாதி, படத்தோடு வந்தவை. அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தது என் தப்புதான்.

நண்பர் சுட்ட மானின் கழுத்திலும் கண்ணுக்குக் கீழேயும் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள். ஒன்று எலுமிச்சம்பழ அளவு. புற்றுநோயா? கறியைத் தூக்கி எறிந்துவிடலாமா?
*— வாசகர், கிராண்ட் ராப்பிட்ஸ்*

தூக்கி எறிய வேண்டியது தோலை மட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது மரு மாதிரித்தான் தெரிகிறது. நமக்கு விரலில் பாலுண்ணி வருகிறதே, அதன் மான் பதிப்பு. பாப்பிலோமா வைரஸ் செய்கிற வேலை. வெள்ளைவால் மான்களில் சர்வசாதாரணம், இளசுகளில் இன்னும் அதிகம். மயிர் இருக்காது, கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ, மேல்பரப்பு சொரசொரப்பாகவோ வழவழப்பாகவோ இருக்கும். பட்டாணி அளவில் தொடங்கி, சில மான்களில் கால்பந்து அளவுக்குக்கூட வளரும். கடிக்கிற பூச்சிகள் வழியாகவும், கீறல் பட்ட தோல் உரசுவதாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே வற்றி உதிர்ந்துவிடும். மானுக்கு உபத்திரவம் என்றால், கண்ணை மறைக்கும் அளவுக்கோ வாயை அடைக்கும் அளவுக்கோ வளரும்போதுதான்.

இது தோலில் இருக்கும், சதைக்குள் இறங்காது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜ் விட்டத்தில் ஒரு மானைத் தொங்கவிட்டு உரித்ததைக் கிட்ட நின்று பார்த்தேன். விலாப்புறத்தில் நெல்லிக்காய் அளவில் இரண்டு மரு. கத்தியைவிட முஷ்டியைத்தான் அவர் அதிகம் பயன்படுத்தினார். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கை முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டு அழுத்த, ஈரத்துணியை உதறுகிற மாதிரிச் சத்தத்தோடு தோல் கழன்று கீழே வந்தது. மரு இருந்த இடத்துக்கு நேரே விரலால் தட்டிக் காட்டினார். வெள்ளைச் சவ்வு, அதற்கடியில் சிவந்த சதை. ஒரு தழும்புகூட இல்லை. சட்டையோடு பொத்தான் போகிற மாதிரி தோலோடு மரு போயிருந்தது.

மரு வெடித்துச் சீழ் வைத்திருந்தாலோ, மான் எலும்பும் தோலுமாக இருந்தாலோ கதை வேறு. அப்போது மருவை மறந்துவிட்டு மான் ஏன் இளைத்தது என்று கேட்க வேண்டும்.

ஐயோ, அந்த மருவை நான் வெறும் கையால் தொட்டுவிட்டேனே! எனக்கும் வருமா?
*— அதே வாசகர், அரைமணி நேரம் கழித்து*

வராது. இந்த வைரஸ்கள் ஆளுக்கொரு வீடு பார்த்துக் குடியிருப்பவை. மானுக்கு வருவது மனிதனுக்கு ஒட்டாது. கையுறை போடாததற்காக உங்களைத் திட்டத்தான் போகிறேன். ஆனால் அதற்குக் காரணம் வேறு. தொடர்ந்து படியுங்கள்.

உடம்பெல்லாம் குமிழ் குமிழாக ஒரு மான், முகத்தில் கொம்பு முளைத்த ஒரு முயல். "உலகம் அழியப்போகிறது" என்று என் மாமனார் ஃபார்வேர்ட் செய்கிறார். உண்மையா?
*— மருமகள், கொலம்பஸ்*

படம் உண்மை, அழிவு பொய். மானுக்கு இருப்பது மேலே சொன்ன அதே மரு. முயலுக்கு இருப்பது அதன் பங்காளி வைரஸ். 1933ல் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் முயல் மருவுக்குக் காரணம் வைரஸ்தான் என்று காட்டினார். வைரஸால் கட்டி வரும், அது புற்றாகவும் மாறலாம் என்ற ஆராய்ச்சிக்கு அந்தக் கொம்பு முயல்தான் ஆரம்பப் படிக்கட்டு. 2025 கோடையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் சில முயல்கள் இப்படித் தென்பட, உலகமே அலறியது. வைரஸ் தொண்ணூறு வருடமாகத் தெரிந்ததுதான், புதிதாக வந்தது செல்போன். மாமனாரிடம் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லவும்.

தோலில் வித்தியாசம் தெரிகிற மானைத் துரத்துவதே தப்பில்லையா?
*— இல்லினாய்*

தப்புதான். பொன் நிறத்தில் மின்னுகிறதே என்று ஒரு மானின் பின்னால் போனதில் ஒரு ராமாயணமே நடந்தது. அந்த மானுக்கு மட்டும் ஒரு பரிசோதனைக்கூடம் இருந்திருந்தால் இலங்கை தப்பித்திருக்கும்.

முதுகிலும் கழுத்திலும் மயிரே இல்லாமல் திட்டுத்திட்டாக ஒரு மான். மயிர் போனால் உயிரை விடும் ஜாதியல்லவா மான்?
*— தமிழாசிரியர் (ஓய்வு), போர்ட்லண்ட்*

அது கவரிமா, ஐயா. மானே இல்லை, யாக் என்று சொல்கிற புலவர்களும் உண்டு. ஓரிகன் மான் அவ்வளவு ரோஷக்காரன் இல்லை. மயிர் போனாலும் புல்லை மேய்ந்துகொண்டுதான் இருக்கிறான்.

உங்கள் பக்கத்துக் கறுப்புவால் மான்களுக்கு 1990களில் இருந்து ஒரு பேன் தொல்லை. வெளியூரிலிருந்து வந்த பேன் அது. உள்ளூர்ப் பேனோடு இத்தனை காலம் சமாதானமாக வாழ்ந்த மானுக்கு இதன் அரிப்பு தாங்கவில்லை. நக்கியும் கடித்தும் மயிரை அதுவே பிடுங்கிக்கொள்கிறது. குளிர்காலக் கடைசியில் மயிரில்லாத உடம்போடு நனைவதால் குட்டிகள் சாவதும் உண்டு. இது போக, தோலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய சிலந்திப் பூச்சியால் வருகிற சொறி ஒன்றும் இருக்கிறது. தோல் தடித்து மடிப்பு மடிப்பாகிவிடும். இரண்டுமே சதையைத் தொடுவதில்லை. மான் கொழுகொழுவென்று இருந்தால் கறிக்குத் தடையில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை மான் மயிர் மாற்றிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். கோடையில் செம்பட்டை, குளிரில் சாம்பல். நடுவில் பார்த்தால் பழைய ஜமுக்காளம் மாதிரி இருக்கும்.

தோல் முழுக்கப் பொருக்கு. பிய்த்தால் மயிர் கற்றையோடு வருகிறது, அடியில் ஈரம். இது என்ன?
*— மேடிசன்*

இதற்காகத்தான் கையுறை. டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியா, மழை ஈரத்தில் தழைக்கிற ஜாதி. மாட்டுக்கும் குதிரைக்கும்கூட வரும். சாப்பிடுவதால் வராது, ஆனால் கையில் ஒரு கீறல் இருந்து, வெறும் கையால் உரித்தால் உங்களுக்கும் கொப்புளமும் பொருக்கும் வரலாம். பத்து சென்ட் ரப்பர் கையுறைக்கு யோசிக்கிறவர் ஆயிரம் டாலர் துப்பாக்கி வாங்கியது எனக்குப் புரிவதில்லை.

தொடையை அறுத்தால் கத்தி "சளக்" என்று உள்ளே போயிற்று. பச்சையும் மஞ்சளுமாகச் சீழ். நாற்றம்! அந்த இடத்தை மட்டும் அரிந்துவிட்டால் போதுமா?
*— வேட்டைக்கார அண்ணன், ஆன் ஆர்பர்*

ஒரே ஒரு கட்டி, சுற்றிலும் தடித்த உறை, மற்ற இடமெல்லாம் சுத்தம் என்றால், உறையோடு சேர்த்து, சுற்றியுள்ள நல்ல சதையிலும் தாராளமாக எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். பழைய அம்பு முனை, வேலிக் கம்பிக் குத்து, இன்னொரு கிடாவின் கொம்புக் குத்து, இப்படி ஏதோ ஒன்று உள்ளே போய் மான் அதைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கும்.

ஆனால் நீங்கள் ஏற்கனவே கத்தியை உள்ளே விட்டு உடைத்துவிட்டீர்கள். அதே கத்தியால் அடுத்த தொடையையும் அறுத்தீர்களா? அறுத்திருந்தால் சீழைப் பந்தி பரிமாறிவிட்டீர்கள் என்று அர்த்தம். கத்தியைக் கழுவுங்கள், கையுறையை மாற்றுங்கள், சீழ் வழிந்த சதையெல்லாம் குப்பைக்கு. இரண்டு மூன்று இடத்தில் கட்டி இருந்தாலோ, நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இருந்தாலோ முழு மானும் போகட்டும். மானை விட்டுவிட மனசு வராதுதான், வயிறு உங்களுடையது.

தொடைக் கொழுப்புக்கு நடுவில் அவரைக்கொட்டை மாதிரி சாம்பல் நிற உருண்டை. என் மனைவி "கேன்சர்" என்கிறாள். நான் "கொழுப்பு" என்கிறேன். யார் ஜெயித்தது?
*— கிளீவ்லண்ட்*

இருவரும் தோற்றீர்கள். அது நெறி. உங்களுக்குக் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே சமாச்சாரம் மானுக்கும் உண்டு. தோளுக்கு முன்னால் ஒன்று, பின்தொடைக்குள் ஒன்று என்று எல்லா மானுக்கும் எல்லா ஆட்டுக்கும் இருக்கும். கறிக்கடைக்காரர் சத்தமில்லாமல் எடுத்துவிடுவதால் நாம் பார்த்ததில்லை. நீங்களும் எடுத்துவிடுங்கள். ஏன் என்பது ஸ்கார்பரோ வாசகருக்கான பதிலில் வரும்.

தலையை வெட்டினோம். தொண்டைக்குள் கட்டைவிரல் மொத்தத்தில் புழுக்கள் நெளிகின்றன! வீட்டில் யாரும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
*— டுலூத்*

சாப்பிடச் சொல்லுங்கள். மூக்கு ஈயின் புழு அது. தாய் ஈ மானின் மூக்கருகே பறந்து குஞ்சுப் புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். அவை மூக்கு வழியாக ஏறித் தொண்டைப் பையில் வளர்ந்து, பிறகு தும்மலோடு வெளியேறி மண்ணுக்குப் போகும். சதையில் வேலையில்லை.

இந்த ஈயைப் பற்றி ஒரு வேடிக்கை. 1927ல் சார்லஸ் டவுன்செண்ட் என்ற பூச்சியியலார் இது மணிக்கு 800 மைலுக்கு மேல் பறக்கிறது என்று எழுதிவிட்டார். ஒலியைவிட வேகம்! பத்து வருடம் எல்லோரும் நம்பினார்கள். 1938ல் நோபல் பரிசு பெற்ற வேதியியலார் இர்விங் லாங்மியூர் கணக்குப் போட்டார்: அந்த வேகத்துக்கு ஈ ஒவ்வொரு நொடியும் தன் எடையைவிட அதிகமாகச் சாப்பிட்டாக வேண்டும், மனிதன்மேல் மோதினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி துளைக்கும். ஈயளவு ஈயத்துண்டை நூலில் கட்டிச் சுழற்றிப் பார்த்து, உண்மையான வேகம் 25 மைல் சுமார் என்று முடித்தார். நம் ஊர்ச் சைக்கிள்காரர் இறக்கத்தில் போகிற வேகம்.

மான் தோலில் உண்ணி மொய்க்கிறது. கறியைத் தின்றால் லைம் நோய் வருமா?
*— கனெக்டிகட்*

லைம் என்ற ஊரே உங்கள் மாநிலத்தில்தானே இருக்கிறது! வேகவைத்த கறி வழியாக வராது. ஆனால் மான் செத்து உடம்பு குளிர்ந்ததும், உண்ணிகள் வாடகை முடிந்த குடித்தனக்காரர் மாதிரி வேறு வீடு தேடும். பக்கத்தில் சூடாக நிற்பது நீங்கள்தான். உரித்து முடித்ததும் குளித்துவிட்டு அக்குள், இடுப்பு, காதுமடல் பின்புறமெல்லாம் பாருங்கள்.

உண்ணி மாதிரியே தட்டையாக, ஆனால் ஆறு கால்களோடு வேகமாக ஓடுகிறதா? அது மான் ஈ. மான்மேல் உட்கார்ந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு அங்கேயே குடும்பம் நடத்தும்.

இன்னொரு உண்ணிதான் விசித்திரம். பெண் உண்ணியின் முதுகில் ஒற்றை வெள்ளைப் பொட்டு இருக்கும், அதனால் 'ஒற்றை நட்சத்திரம்' என்று பெயர். தெற்கு மாநிலங்களில் அதிகம், இப்போது வடக்கேயும் ஏறி வருகிறது. அது கடித்த சிலருக்கு ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு ஒவ்வாமை வந்துவிடும். அந்தச் சர்க்கரை ஆட்டிலும் மாட்டிலும் பன்றியிலும் மானிலும் உண்டு. ராத்திரி கறி சாப்பிட்டுப் படுத்தால் இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்று வலி, சிலருக்கு மூச்சுத் திணறல். நேரம் தள்ளி வருவதால் கறியை யாரும் சந்தேகப்படுவதில்லை. வேட்டைக்காரனைச் சைவமாக்கும் உண்ணி.

கிடாவின் கொம்பிலிருந்து தோல் கிழிந்து ரத்தத்தோடு தொங்குகிறது. நோயா?
*— பென்சில்வேனியா*

வயசு. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் கொம்பின் மேல் உள்ள வெல்வெட் தோலை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். பல கிடாக்கள் அதைத் தின்றும்விடும். அதே கிடாவின் பின்னங்கால் உட்புறத்தில் கறுத்து நாறுகிற திட்டு இருக்கிறதே, அதுவும் நோய் இல்லை, பெண் மானுக்கான சென்ட். கத்தி அதில் பட்டால் மட்டும் அந்த சென்ட் உங்கள் குழம்பிலும் மணக்கும்.

வேலையில் கூட இருக்கிற வெள்ளைக்காரர் மான் இறைச்சி தந்தவர். தோல் பளபளவெண்டு இருந்தது, ஒரு மரு கிடையாது. தலையும் கேட்டால் தருவாராம். வன்னியில் மான் வத்தல் சாப்பிட்டு வளர்ந்த ஆள் நான். மூளையைப் பிரட்டலாம் எண்டு யோசிக்கிறன். என்ன சொல்லுறியள்?
*— ஸ்கார்பரோ*

தலையை அவரே வைத்திருக்கட்டும், அண்ணை.

இத்தனை நேரம் மரு, பேன், பொருக்கு, புழு என்று அருவருப்பானதையெல்லாம் "பரவாயில்லை" என்று சொல்லி வந்தேன். இப்போது பளபளக்கிற தோலைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறேன். ஏனென்றால் மானுக்கு வருகிற நோய்களில் நிபுணர்கள் அதிகம் கவலைப்படுவது தோலில் ஒரு அடையாளமும் காட்டாது.

சி.டபிள்யூ.டி. என்பார்கள், மெலிவு நோய். 1967ல் ஃபோர்ட் காலின்ஸில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் தெரிந்தது. 2002ல் விஸ்கான்சின் வந்தது. இன்று அமெரிக்காவில் 30க்கு மேற்பட்ட மாநிலங்கள். கனடாவில் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா பக்கம் பலமாகப் பரவியிருக்கிறது. 2018ல் கியூபெக்கில் ஒரு பண்ணையிலும் வந்தது. 2016ல் நார்வேயின் காட்டுக் கலைமானிடமும் தென்பட, அங்கே இரண்டாயிரம் தலை கொண்ட மந்தையையே சுட்டுத் தீர்த்தார்கள்.

இதற்குக் காரணம் கிருமியே இல்லை. பிரியான் என்ற கோணல் புரதம். பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போல் கோணலாக்கி, மூளையைக் கடற்பஞ்சாக்கிவிடும். மான் தள்ளாடி, எச்சில் வழிந்து, எலும்பாகிச் சாகும். ஆனால் அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒன்றரை, இரண்டு வருடம் கொழுத்துத் துள்ளித் திரியும். அந்தக் காலத்தில்தான் குண்டடி படுகிறது.

மனிதனுக்கு இது தொற்றியதாக இதுவரை ஒரு நிரூபணமும் இல்லை. அதைச் சொல்லாமல் பயமுறுத்துவது நியாயமில்லை. ஆனால் பிரிட்டனில் மாட்டுக்கு வந்த இதே ரகம் மனிதனைத் தொடாது என்றுதான் வருடக்கணக்கில் சொன்னார்கள். 1996 மார்ச்சில் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டிவந்தது. அதனால்தான் நோய் இருக்கும் வட்டாரங்களில் மானைச் சோதித்துப் பார், இருந்தால் தின்னாதே என்கிறார்கள்.

தின்ன வேண்டாம் என்று அவர்கள் தரும் பட்டியலை நம் சமையலறைக் கண்ணோடு பாருங்கள்: மூளை, முதுகுத்தண்டு, கண், மண்ணீரல், நெறி. தமிழ்நாட்டுக் கறிக்கடையில் மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர், ரத்தசோகைக்காரருக்குத் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். தலைக்கறியும் மூளை வறுவலும் சுவரொட்டியும் என்று நாம் எதையெல்லாம் உசத்தி என்று எடுத்து வைக்கிறோமோ, அதுவே அங்கே முதல் குப்பை. வெள்ளைக்காரர் தொடையையும் முதுகுச் சதையையும் தின்றுவிட்டு மற்றதை நம்மிடம் தள்ளும்போது அது தாராளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குக்கரில் பத்து விசில் விட்டால்?
*— ஸ்கார்பரோ வாசகரின் மனைவி*

பத்து விசிலில் எலும்பு கரையும், பிரியான் கரையாது. குக்கரின் உச்ச சூடு 120 டிகிரி சுமார். ஆஸ்பத்திரிக் கருவிகளை அவிக்கிற அதே சூட்டிலும் இந்தப் புரதம் பிழைத்துக்கொள்ளும். மஞ்சள்தூள், இஞ்சி, பூண்டு எதற்கும் அசையாது. ருசியும் மாறாது என்பதால் கண்ணப்ப நாயனார் மாதிரி முதலில் கடித்துப் பார்த்துக் கொடுக்கிற பக்தியும் பலிக்காது.

உரித்து, வயிற்றைக் கீறினோம். விலா எலும்பின் உட்புறத்தில் பட்டாணி பட்டாணியாக மஞ்சள் கட்டிகள். தோல் சுத்தம். அரிந்துவிட்டுத் தின்னலாமா?
*— அல்பீனா, மிச்சிகன்*

கத்தியைக் கீழே வையுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிச்சிகனின் வடகிழக்கு மூலையில், உங்கள் மாவட்டத்தைச் சுற்றி, 1994லிருந்து காட்டு மான்களிடம் மாட்டுக் காசநோய் இருக்கிறது. நுரையீரலிலும் விலாவின் உட்புறத்திலும் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டிகள் என்பது அதன் கையெழுத்து. வனத்துறைக்குப் போன் செய்து தலையையும் அந்தப் பாகத்தையும் கொடுங்கள். வேறு எதுவாகவும் இருக்கலாம், அதை அவர்கள் சொல்லட்டும்.

சூடு இந்தக் கிருமியைக் கொல்லும். ஆபத்து அடுப்புக்கு முன்னாலேயே இருக்கிறது. 2004ல் மிச்சிகன் வேட்டைக்காரர் ஒருவர் குடலெடுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டு, விரலிலேயே காசநோய் வாங்கினார். 2017ல் 77 வயதுப் பெரியவர் ஒருவருக்கு நுரையீரலில் வந்தது. 20 வருடமாக மானைக் கீறிக் குடலெடுத்தவர், மூச்சு வழியாகப் போயிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். கையுறைக்காக நான் திட்டியது இதற்கும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டில் மான்கறி என்றால் புளிக்குழம்புதான். குண்டு பட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டேன். சரிதானே?
*— இல்லத்தரசி, ஃபார்கோ*

உங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது அம்மா. 2008ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு வேட்டைக்காரர்கள் தானமாகக் கொடுத்த மான்கறியை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உள்ளே ஈயத் துகள்கள். பொட்டலங்களைத் தூக்கி எறியச் சொல்லி அரசே உத்தரவிட்டது.

ரைஃபிள் குண்டு எலும்பில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட, கண்ணுக்கோ பல்லுக்கோ தட்டுப்படாத தூள் கிடக்கும். அரைத்த கறியில் சுலபமாகக் கலந்துவிடும். அதன் மேல் புளிப்பு சேர்ந்தால் ஈயம் கரைய இன்னும் சௌகரியம். ஈயச் சொம்பில் ரசம் வைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அது வெள்ளீயம், இது காரீயம். பெயரில் மட்டும்தான் உறவு. குண்டு பட்ட பாகத்தைச் சுற்றித் தாராளமாக எறியுங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் ஈயக் குண்டில் விழுந்த மானைக் கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் செம்புக் குண்டு போடச் சொல்லி நண்பரிடம் கேளுங்கள். விலை கொஞ்சம் அதிகம், சிதறாது.

தோலும் சதையும் உள்ளுறுப்பும் எல்லாமே நன்றாக இருக்கிற மானைத் தின்னக்கூடாது என்று எங்காவது சொன்னதுண்டா?
*— சந்தேகப்பிராணி, லான்சிங்*

உண்டு. உங்கள் மாநிலத்திலேயே, 2018ல், ஆஸ்கோடா பக்கத்துப் பழைய விமானப்படைத் தளத்தைச் சுற்றி. தீயணைக்கும் நுரையில் இருந்த பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனம் சதுப்புநிலத்தில் இறங்கி, தண்ணீர் குடித்த மானின் உடம்பிலும் ஏறிவிட்டது. 2021ல் மெய்ன் மாநிலத்திலும் ஃபேர்ஃபீல்ட் வட்டாரத்துக்கு அதே எச்சரிக்கை. எங்கே சுட்ட மான் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

ஓடைக்கரையில் ஒரு மான் செத்துக் கிடந்தது. காயமில்லை. சூடாகத்தான் இருந்தது...
*— மிசௌரி*

அந்த மூன்று புள்ளியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோடைக் கடைசியில் கொசுவைவிடச் சின்னக் கடிபூச்சியால் வருகிற ரத்தக்கசிவுக் காய்ச்சல் மானைத் தண்ணீரோரம் கொண்டுபோய்ச் சாய்க்கும். அந்த வைரஸ் உங்களுக்கு ஒட்டாது. ஆனால் தானாகச் செத்தது கறியல்ல, பிணம்.

எங்கள் கிராமத்தில் புள்ளிமான் வண்டியில் அடிபட்டுச் செத்தது. காலில் கட்டி இருந்தது. சாப்பிட்டால் ஏதாவது வருமா?
*— திண்டுக்கல் பக்கம்*

வரும். வனத்துறை ஜீப். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி செத்த மானும் அரசாங்கச் சொத்து. கட்டி தோலோடு போகும், வழக்கு அப்படிப் போகாது.

இங்கே டெக்சஸில் நம்ம ஊர்ப் புள்ளிமானையே சுட்டுத் தின்கிறார்களாமே?
*— ஆஸ்டின்*

ஆமாம், 1932ல் கொண்டுவந்து விட்டது பெருகிவிட்டது. ஹவாய்க்கு அதற்கும் முன்பே, 1868ல், அரசருக்குப் பரிசாகப் போய்ச் சேர்ந்தது. ஊரில் தொட்டால் ஜெயில், இங்கே வருடம் முழுக்க வேட்டை. விசா மாறினால் அந்தஸ்து மாறுவது மானுக்கும் உண்டு. புள்ளிகள் பிறவியில் வந்தவை, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம்.

மான் ஸ்டேக் என்றால் நடுவில் சிவப்பாக இருக்க வேண்டும் என்கிறான் மகன். நான் முழுக்க வேகவைக்கிறேன். அவன் முகம் சுளிக்கிறான்.
*— அப்பா, நியூ ஜெர்சி*

காட்டு மானென்றால் நீங்கள்தான் சரி. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி அரைவேக்காட்டு மான்கறியில் உயிரோடு வரும். மருமகள் கர்ப்பமாக இருந்தால் விளையாட்டே இல்லை. உள்சூடு 74 டிகிரி தொட வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் நியூசிலாந்துப் பண்ணை மான், சோதனை முடிந்து வருவது. சுட்ட காட்டு மானை அமெரிக்காவில் விற்கவே கூடாது. மகன் சிவப்பாகக் கேட்டால் கடை மானை வாங்கி அவன் கையிலேயே கரண்டியைக் கொடுங்கள்.

மானின் தலையை மெலிவு நோய்ச் சோதனைக்குக் கொடுத்துவிட்டோம். முடிவு வரும்வரை நாற்பது கிலோ கறியை என்ன செய்வது? மனைவி தினமும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு என்னையும் பார்க்கிறாள்.
*— மில்வாக்கி*

இரண்டு பார்வையையும் ஒன்றிரண்டு வாரம் தாங்குங்கள். சீசன் மும்முரமென்றால் இன்னும் கொஞ்சம் ஆகும். கறியை ஃப்ரீஸருக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதியையும் டேக் எண்ணையும் எழுதுங்கள். அரைக்கக் கொடுத்தால் உங்கள் மானைத் தனியாக அரைக்கச் சொல்லுங்கள். கூட்டாக அரைத்தால் அடுத்தவர் மானின் தலைவிதியும் உங்கள் தட்டுக்கு வரும். முடிவு வரும்முன் யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள், முக்கியமாக எனக்கு. நோய் இல்லை என்று வந்தால் எழுதுங்கள், மிளகு தூக்கலாக ஒரு வறுவல் சொல்கிறேன். இருக்கிறது என்று வந்தால் எலும்பு, தோல் எல்லாவற்றையும் துறை சொல்கிற குப்பைக் கிடங்குக்கே அனுப்புங்கள். சுட்ட இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டில் வீசிவிட வேண்டாம். அந்தப் புரதம் மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.